மூன்றாவது கியர்

உக்கடத்தில் அதை எடைக்குத்தான் போட்டிருந்தார்கள்.
ஜெய்னுலாபுதீன் பாய் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி
"எஸ்டீம் எஞ்சின்மா. வண்டிதான் செத்துச்சு, இது இல்ல" என்றார்.
பதினோராயிரம். சாக்கு இலவசம்.
கேரட் இறக்கிவிட்டு வெறுமையாய் மலையேறும் லாரியில்
வளைவுக்கு ஒருமுறை உருண்டு
கோத்தகிரி வந்து சேர்ந்தது.

ஹெட்டைக் கழற்றினேன்.
இரண்டாம் சிலிண்டரில்
ஸ்பார்க் ப்ளக் துளை வழியே புகுந்து
குளவி கட்டிய மண்வீடு. காலி.
மற்ற மூன்றிலும் துரு.
டீசல் ஊற்றி ஒன்பது நாள் விட்டேன்.
பத்தாம் நாள் கம்பி போட்டு நெம்பியதில்
ஒரு முனகல்,
அரைச் சுற்று.
அன்று ஷிஃப்ட்டுக்குத் தாமதம்.

தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டர்.
ராத்திரி உருளைகளுக்குப் பல் வெட்டுவேன்,
பகலில் இது.
ஷெட் போஜனுடையது.
"இந்தக் காசுக்கு நல்ல ஸ்கூட்டி வரும்" என்பான் தினமும்,
டார்ச்சைச் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டே.

கணபதி லேத்தில் துளை அரை மில்லி பெரிதானது.
ஃபோர்ஜ்டு பிஸ்டன் நான்கும் கூரியரில் வந்தன.
பிரித்ததும் கவுண்டர் பையன் கேட்டான்:
"டம்ளராக்கா?"
டம்ளர்தான். நெருப்பு குடிக்கிற டம்ளர்.
சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கனெக்டிங் ராடுகளைத்
தூள் பொட்டலம் போடும் தராசில் வைத்துப் பார்த்தேன்.
மூன்று ஒரே எடை.
நான்காவது மூன்று கிராம் அதிகம்.
மூன்று கிராம் என்றால் ஒரு கிளாஸ் டீக்குப் போடும் தூள்.
ஏழாயிரம் சுற்றில் அது தூளாக இருக்காது,
கதவை உடைக்க வந்தவன் தோளாக இருக்கும்.
அரம் எடுத்தேன். தேய்த்தேன், நிறுத்தேன், தேய்த்தேன்.
தரையில் உதிர்ந்த பொடியைப் பார்த்து
"இது என்ன கிரேடு?" என்றார் வாட்ச்மேன்.

டார்க் ரெஞ்ச் க்ளிக் என்று சொன்னதும் நிறுத்திவிட வேண்டும்.
இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று
கை கேட்கும்.
அந்தக் கொஞ்சத்தில்தான் போல்ட் அறும்.
எனக்கு இது போல்ட் விஷயத்தில் மட்டும்தான் தெரியும்.

ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் இரண்டு நாள் நின்றேன்.
படிவத்தில் 'எஞ்சின் மாற்றக் காரணம்' என்ற கட்டத்துக்கு
மூன்று விரற்கடை இடம்.
தேய்மானம் என்று எழுதினேன்.
யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை.

இந்த உயரத்தில் காற்று சிக்கனம்.
நூறு குதிரை கட்டினால்
எண்பதுதான் வேலைக்கு வரும்.
மீதி இருபதும் கீழே மேட்டுப்பாளையத்தில்
பாக்குத்தோப்பு நிழலில் மேய்ந்துகொண்டிருக்கும்.
எண்பது போதும், பழைய ஜென்னுக்கு.

விடிகாலை நாலு மணி. குஞ்சப்பனை தாண்டி மேலே.
மூன்றாவது கியர். மிதித்தேன்.
சத்தம் முதலில் பாறையில் பட்டது,
பிறகு என் நெஞ்சுக்கூட்டில்.
ஐயாயிரம்.
ஐயாயிரத்து ஐந்நூறு.
ஓரத்து வெள்ளைக்கல் எல்லாம் ஒரே கோடு.
ஆறாயிரம்...
முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை.
போஜன் மூக்கைச் சுளித்தான்.
ட்ரையரில் இலை கூடுதலாக நின்றுவிட்டால் வரும்
அதே கருகல்.
க்ளட்ச்.

எஞ்சினுக்குள் எல்லாவற்றையும் வலுவாகப் போட்டேன்.
பலவீனம் மூட்டை கட்டிக்கொண்டு
நாலு அங்குலம் தள்ளிக் குடியேறியிருக்கிறது.

வண்டி தளர்ந்து, நடக்கிற வேகத்தில் வளைவு திரும்பியபோது
நடுரோட்டில் காட்டுமாடு.
கூரையைவிட உயரம்.
அதன் மூச்சு ஹெட்லைட்டில் வெளுத்துக் கலைந்தது.
"க்ளட்ச் மட்டும் பிடிச்சிருந்தா..." என்று தொடங்கினான் போஜன்.
முடிக்கவில்லை.

எஞ்சின் ஐடிலில் ஓடியது, சீராக,
நான்கு ராடும் ஒரே எடையில்.
மாடு ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது.
நான் ஸ்டியரிங்மேல் விரல் மடக்கி எண்ணினேன்:
க்ளட்ச் ப்ளேட், ப்ரெஷர் ப்ளேட், பேரிங்,
அப்புறம் கியர்பாக்ஸ்,
அப்புறம் பிரேக்.
இல்லை.
பிரேக் முதலில்.